நல்ல கண்ணில் விட்ட மருந்து

என் கண்களில் எந்த நோயும் இல்லாதபோது, இருப்பதாகப் பொய் சொல்லி, என் மச்சான் கையால் சொட்டு மருந்து விட்டுக்கொண்டேன். அவர் காலையிலும் மாலையிலும் என் தலைமாட்டில் உட்கார்ந்து, இமையை விரலால் மெல்லப் பிரித்து, ஒவ்வொரு சொட்டாக விட்டார். நான் அண்ணாந்து படுத்து அதை வாங்கிக்கொண்டேன். உண்மையில் எனக்கு நடந்திருந்தது புராஸ்டேட் வீக்கத்துக்கான சிகிச்சை. அதே தொந்தரவு அவருக்கும் இருந்தது. அது எனக்குத் தெரியும். அவர் என்னிடம் கேட்கவும் கேட்டார். எனக்குக் கிடைத்த வைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர் பிற்பாடு பட்ட பாட்டில் பெரும்பகுதி இல்லாமல் போயிருக்கும். நான் சொல்லவில்லை.

மச்சான் என்று நான் சொல்வது என் மனைவியின் அண்ணனை. நல்லேப்பிள்ளியில் நெல் விவசாயம். நானும் அதே பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்தில் பிறந்தவன்தான். வேதியியல் படித்துவிட்டு, வேலை தேடி மூணாறு மலைக்கு ஏறினேன். ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் உதவியாளனாகச் சேர்ந்து, டீ மேக்கராக ஓய்வு பெற்றேன். பச்சைக் கொழுந்து தூளாகும் வரை அதற்குப் பொறுப்பானவனை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். ஓய்வுக்குப் பிறகு கீழே இறங்க மனம் வரவில்லை. சித்திரபுரத்தில் ஒரு சின்ன வீட்டை வாங்கிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டோம். மகன் வெளிநாட்டில் இருக்கிறான்.

இப்போது திரும்பிப் பார்த்தால் அந்த ஆண்டுகள் எல்லாமே மூடுபனிக்குள் நடந்ததுபோல இருக்கின்றன. சித்திரபுரத்தில் பிற்பகல் பனி இறங்கினால் எதிர்வீட்டுச் சுவர் கரைந்து போகும். முதலில் வேலி, பிறகு கொய்யா மரம், பிறகு நம் கையே கொஞ்சம் தள்ளிப் போனதுபோலத் தெரியும். மலைச் சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களில் மின்நிலையத்துக்குப் போகும் தண்ணீரை நினைத்துக்கொண்டு, நான் வீட்டின் பின்புறம் நின்றிருப்பேன். என்னிடமிருந்து ஒரு சொட்டும் வராது. வரும் என்று நிற்பேன். வராது என்று திரும்பினால் வரும். அந்தக் காலம் எனக்கு அப்படித்தான் நினைவில் நிற்கிறது: பனி, காத்திருப்பு, தூரத்தில் எங்கோ ஓடும் தண்ணீர்.

ஆனால் இந்தத் தொந்தரவு முதலில் வந்தது மச்சானுக்கு. அங்கிருந்துதான் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் மாமன் மச்சான் உறவென்றால் கேலி பேசியே தீர வேண்டும். பார்த்ததும் ஒருவர் மற்றவரை ஏதாவது குத்திச் சொல்லாவிட்டால், இரண்டு பேருக்கும் என்ன மனஸ்தாபமோ என்று வீட்டுப் பெண்கள் கவலைப்பட ஆரம்பித்துவிடுவார்கள். மச்சான் என்னைத் 'தூள் மாப்பிள்ளை' என்பார். நான் காய்ச்சும் டீயைக் குடித்துவிட்டு, மாட்டுக்கு வைத்தால் மாடு கேட்டு வாங்கிக் குடிக்கும் என்பார். நான் அவருடைய நெல்லைப் பற்றியும் மீசையைப் பற்றியும் திருப்பிக் கொடுப்பேன். முப்பது வருடத்துக்கு மேல் இப்படி ஓடியது. அதில் எனக்கும் அவருக்கும் ஒரு சுகம் இருந்தது.

அவருடைய மகள் கல்யாணத்தில் ஒவ்வொரு சீராக நடந்துகொண்டிருந்தது. பெண்ணின் தகப்பன் பக்கத்தில் இருக்க வேண்டிய நேரம். அவர் எழுந்து போனார். வந்து நின்றார். திரும்பவும் போனார். சீர் செய்து வைக்கிற பெரியவர் கையில் தட்டோடு காத்திருந்தார். உறவுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"மச்சான் வயலுக்குத் தண்ணி திருப்பப் போயிருக்காருங்க. முறைத் தண்ணி. அடிக்கடி வரும், போய்ப் பாத்தாச் சொட்டுத்தான் இருக்கும்."

நல்லேப்பிள்ளியில் வாய்க்கால் தண்ணீர் ஒவ்வொரு வயலுக்கும் முறை வைத்துத்தான் வரும் என்பதால், அந்தப் பந்தலில் இருந்த எல்லோருக்கும் அது உடனே புரிந்தது. பந்தல் சிரித்தது. திரும்பி வந்த மச்சானும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் அவருக்கு 'முறைத்தண்ணி' என்று பெயர் விழுந்துவிட்டது. சின்னப் பிள்ளைகள்கூட முறைத்தண்ணித் தாத்தா என்றார்கள். அதன்பிறகு எந்த விசேஷத்துக்குப் போவதானாலும் அவர் முதல் நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார் என்று என் மனைவி பின்னால் ஒருநாள் சொன்னாள். உதடு வெடித்துப்போய் வந்து நிற்பார் என்றாள்.

அடுத்த வருடம் அது எனக்கு வந்தது.

முதலில் மாத்திரை சாப்பிட்டேன். கொஞ்சம் பலன் இருந்தது. ஆனால் படுக்கையிலிருந்து எழுந்தால் தலை சுற்றியது. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவரிடம் போனேன். அவர் நிதானமான மனிதர். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, பழைய காலம்போல எல்லோருக்கும் ஒரே பெரிய ஆபரேஷன் என்பது இப்போது கிடையாது என்றார். சின்ன ஊக்குகளை வைத்து வீங்கிய சதையை இரண்டு பக்கமும் ஒதுக்கிக் கட்டி வழி விடலாம். ஓர் ஊசி வழியாக நீராவியைச் சதைக்குள் விட்டால், அது சில வாரங்களில் தானாகச் சுருங்கும். கையிலோ தொடையிலோ ரத்தக் குழாய் வழியாக உள்ளே போய், சுரப்பிக்குப் போகும் ரத்தத்தை மட்டும் அடைக்கலாம். ரொம்பப் பெரிதாக இருந்தால் லேசரால் குடைந்து எடுக்கலாம். யாருக்கு எது என்பது சுரப்பியின் அளவையும் வடிவத்தையும், உடம்பில் வேறு என்ன வியாதி இருக்கிறது என்பதையும் பொறுத்தது என்றார். ஆண்மை போய்விடுமா என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். ஊக்கிலும் ஆவியிலும் அந்தப் பயம் மிகக் குறைவு, என்ன நடக்கலாம், நடக்காது என்று முதலிலேயே பேசிக்கொள்வோம் என்றார். என் சுரப்பி நடுத்தர அளவு. ஆவி பொருந்தும் என்றார்.

நான் ஆவியோடு வாழ்ந்தவன். தொழிற்சாலையில் சூடான காற்று இலைக்கு என்ன செய்யும், எவ்வளவு நேரத்தில் செய்யும் என்பதைப் பார்த்தே தலை நரைத்தவன். அதனால் அந்த வார்த்தையிலேயே எனக்குப் பயம் போய்விட்டது. சரி என்றேன்.

லேசான மயக்கம் கொடுத்தார்கள். அந்த மயக்கத்தில் நான் தொழிற்சாலையின் மேல்மாடிக்குப் போய்விட்டேன். பறித்து வந்த கொழுந்தை வாடப் போட்டிருக்கும் நீளமான மாடி அது. பச்சை வாசனை ஆப்பிள் வாசனையாக மாறிக்கொண்டிருந்தது. கீழிருந்து வெதுவெதுப்பான காற்று இலைகளுக்குள் ஏறி வந்தது. நான் வெறுங்காலோடு இரண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்தேன். மாடி முடியவே இல்லை. யாரோ என் கையைப் பிடித்து, இலை பதமாகிவிட்டது, போகலாம் என்றார்கள். விழித்தபோது அது நர்ஸ். எல்லாம் முடிந்திருந்தது.

சில நாட்கள் மூத்திரம் இறங்க ஒரு டியூப் இருந்தது. அதை எடுக்கும்வரை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் தங்கினோம். கிளம்பும்போது மருத்துவர் சில எச்சரிக்கைகள் சொன்னார். அதில் ஒன்று: இந்தத் தொந்தரவு உள்ளவர்கள் சளிக்கு விற்கும் மாத்திரைகளைக் கேட்காமல் போடக்கூடாது, சிலருக்கு அது மூத்திரத்தை அப்படியே அடைத்துவிடும் என்றார். அந்த வார்த்தை எனக்குள் நன்றாகப் பதிந்தது. பதியாமல் இருந்திருந்தால் இன்று நிம்மதியாக இருப்பேன்.

கோயம்புத்தூருக்குக் கிளம்பும் முன்பே மச்சான் போன் செய்திருந்தார். என் மனைவி போனைக் கையால் மூடிக்கொண்டு என்ன சொல்ல என்று என்னைப் பார்த்தாள். கல்யாணப் பந்தலும் சிரிப்பும் என் கண்முன் வந்தன. முறைத்தண்ணி என்று பெயர் வைத்தவனுக்கே முறைத்தண்ணி வந்துவிட்டது என்று தெரிந்தால் சித்தூரிலிருந்து கொழிஞ்சாம்பாறை வரை சிரிப்பார்கள். கண்ணு என்று சொல் என்றேன். அவள் முகம் சுருங்கியது. ஆனாலும் சொன்னாள். புரை வந்திருக்கிறது, எடுக்கப் போகிறோம் என்று.

நான் திரும்பி வந்த மறுநாளே மச்சான் மலையேறி வந்துவிட்டார். பஸ் மாறி மாறி, ஒரு சாக்கில் இளநீரோடு. பையன் ஊரில் இல்லாத வீடு, கூட ஓர் ஆள் வேண்டாமா என்றார். நான் வழியில் வாங்கிய கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொய்க்கு ஒரு சொட்டு மருந்தும் வாங்கி வைத்திருந்தேன். கண் காயாமல் இருக்க விடுகிற சாதாரண மருந்து. என் மனைவி அதைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பாட்டிலைப் பார்த்ததும் மச்சான் கை கழுவிக்கொண்டு வந்தார்.

எனக்கு உள்ளே எரிச்சல் இன்னும் இருந்தது. அடிக்கடி எழுந்து போனேன். கண்ணு மாத்திரை சூடு என்றேன். அவர் நம்பினார். பார்லித் தண்ணீர் காய்ச்சச் சொல்லி அவரே கொண்டுவந்து கொடுத்தார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் முழுக்க உலகம் மங்கலாக, இருட்டிய நீருக்குள் கிடப்பதுபோல இருந்தது. நானாக உண்டாக்கிய இருட்டு.

ஒரு நாள் மாலை வீட்டின் பின்புறம் பனிக்குள் இருவரும் நின்றிருந்தோம். அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அதனால்தான் கேட்டாரோ என்னவோ.

"ஏனுங்க மாப்ளே, நீங்க படிச்சவிங்க. இந்த மூத்திரத் தொந்தரவுக்கு ஆபரேசன் பண்ணுனா ஆம்பளைத்தனம் போயிருமுன்னு பேசிக்கறாங்களே, நெசமுங்களா? வேற வழி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

எல்லா வழியும் என் சட்டைப்பையில் இருந்தது. வாயைத் திறந்தால் போதும்.

"வயசானா எல்லாருக்கும் வர்றதுதானுங்க மச்சான். ஒண்ணும் பண்ண வேண்டாம். டீயைக் குறைங்க, சரியாப் போயிரும்."

அவர் தலையாட்டினார். அன்று மாலையே டீயை விட்டார். வாழ்நாளெல்லாம் நான் தயாரித்த தூளைக் கேலி செய்துகொண்டே குடித்தவர், அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வெந்நீர்தான் கேட்டார். என் சொல்லுக்கு அவர் அவ்வளவு மதிப்புக் கொடுத்தார் என்பதை நான் அப்போது பெருமையாகக்கூட நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் என் தொந்தரவு விலகியது. மூடுபனியில் பின்புறம் நின்றால் இப்போது காத்திருக்க வேண்டியதில்லை. தூக்கம் வந்தது. தூக்கத்தில் நீளமான அந்த மாடி வந்தது. நான் நன்றாக இருந்தேன்.

அடுத்த வருடம் மச்சானுக்கு நெஞ்சு வலி வந்தது. ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். அது கொஞ்சம் தேறி, மழை பிடித்து, வயலில் நடவு முடிந்த பிறகு, சில நாள் தங்கிவிட்டுப் போகலாம் என்று மலைக்கு வந்தார். இடைவிடாத மழை. வந்த இரண்டாம் நாள் சளி பிடித்தது. கடைத்தெருவுக்குப் போய் மருந்துக் கடையில் தானே மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தார். இருதய மாத்திரையைப் பற்றிச் சொன்னாராம். மூத்திரத் தொந்தரவைப் பற்றிக் கடைக்காரரிடம் எப்படிச் சொல்வார்? பெஞ்சில் உட்கார்ந்து அட்டையிலிருந்து பிரித்தார். நான் எதிரில் இருந்தேன். மருத்துவர் சொன்னது எனக்கு அந்த நொடியில் நினைவு வந்தது. வேண்டாம் என்று சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். ஒரு வருடப் பொய் அவிழ்ந்துவிடும். ஒரு மாத்திரைதானே என்று நினைத்தேன். அவர் என்னிடம் தண்ணீர் கேட்டார். டம்ளரை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

விடிந்தபோது அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வயிறு உப்பி, முகம் வெளுத்து, பேச முடியாமல் கையால் காட்டினார். ஜீப்பில் மூணாறுக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொரு குழியிலும் அவர் பல்லைக் கடித்தார். ஆஸ்பத்திரியில் டியூப் போட்டதும் பை நிறைந்துகொண்டே போனது. இளம் மருத்துவர் ஸ்கேன் பார்த்துவிட்டு, சிறுநீரகம் இரண்டும் வீங்கியிருக்கிறது, நாள்பட்ட அடைப்பு, இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். மச்சான் என்னைக் காட்டினார். குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை.

"மாப்பிள்ளை சொன்னாருங்க, டீயைக் குறைச்சாச் சரியாப் போயிருமுன்னு. நானும் குறைச்சுத்தான் பாத்தனுங்க."

மருத்துவர் என்னை ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான்.

சில நாட்கள் கழித்து, டியூபோடும் பையோடும் அவரைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மறையூர் வழியாகக் காரில் இறங்கினோம். என் மனைவி முன்னால் உட்கார்ந்து தூங்கிப்போயிருந்தாள். மலையின் ஈரம் கழிந்து சின்னாறு காட்டில் வறண்ட வெயில் அடித்தது. ஒரே நாளில் வேறு தேசத்துக்கு வந்துவிட்டதுபோல மரங்கள் வெளுத்து நின்றன. சோதனைச் சாவடியில் கார் நின்றது. டிரைவர் காகிதத்தோடு இறங்கிப் போனார். அப்போது சொன்னேன். எனக்கு வந்தது கண் நோய் இல்லை, உங்களுக்கு வந்ததுதான் எனக்கும், ஆவி வைத்துச் சரிபண்ணினார்கள், வெட்கப்பட்டு மறைத்தேன், சளி மாத்திரை ஆகாது என்றும் தெரியும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். மடியில் இருந்த என் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவர் சன்னல் வழியாகக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"அப்ப அந்தக் கண்ணு மருந்து?"

"சும்மா தண்ணி மாதிரிதானுங்க மச்சான். கண்ணு காயாம இருக்கறதுக்கு."

"கை நடுங்கி உங்க கண்ணுல குத்திப்போடுவனோன்னு, ஒவ்வொரு தடவையும் மூச்சைப் புடிச்சுக்கிட்டுத்தான் உட்டனுங்க."

உடுமலையில் சாப்பிட நிறுத்தினோம். அவர் இரண்டு இட்லி சாப்பிட்டார். பை நிறைந்திருந்ததால் நான் காலி செய்யப் போனேன். விட்டார்.

அதே நிதானமான மருத்துவர்தான் பார்த்தார். சுரப்பி மிகப் பெரிதாகிவிட்டது. ஆவிக்குரிய அளவைத் தாண்டிவிட்டது. ஸ்டென்ட் வைத்து அதிக நாள் ஆகாததால் ரத்த மாத்திரையை நிறுத்தவும் முடியாது. அதனால் ரத்தக் குழாய் வழியாகப் போய் அடைப்பதுதான் இவருக்குப் பாதுகாப்பானது என்றார். ஆனால் இன்னொன்றும் சொன்னார். நாள்பட்ட அடைப்பில் முக்கி முக்கி மூத்திரப்பை தளர்ந்துவிட்டது. வழியைத் திறந்து கொடுத்தாலும் பை தானாகத் தள்ளுமா என்பதை இப்போது சொல்ல முடியாது. டியூப் இல்லாமல் இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. முன்பே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அதைக் கேட்டு இனி என்ன பயன் என்றார். பிறகு, பை இவ்வளவு தளர்ந்திருக்காது என்றார்.

மணிக்கட்டில் சின்னத் துளை போட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே செய்தார்கள். மச்சான் விழித்தேதான் இருந்தார். வெளியே வந்ததும் தங்கையிடம் சொன்னார்: திரையில் ஒரே வாய்க்காலாக இருந்தது, பெரிய வாய்க்காலிலிருந்து கிளை, கிளையிலிருந்து கிளை, கடைசியில் ஒரு சின்ன மடையில் மணலைப் போட்டு அடைத்த மாதிரி இருந்தது என்று. அவளிடம்தான் சொன்னார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், அதுவரை டியூப் இருக்கட்டும் என்றார்கள். நான் மலைக்குப் போகவில்லை. நல்லேப்பிள்ளியில் அவர் வீட்டிலேயே தங்கினேன். பையைக் காலி செய்வது, கழுவுவது, காய்ச்சல் பார்ப்பது, ஆட்டோ பிடிப்பது எல்லாம் நான் செய்தேன். அவர் தடுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ரொம்ப உபகாரமுங்க என்றார். சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களா என்று விசாரித்தார். தூள் மாப்பிள்ளை என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. என் டீயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் வேண்டுமென்றே அவர் மீசையை வம்புக்கு இழுத்தேன். ஆமாங்க, வெட்டோணுமுங்க என்று மரியாதையாகப் பதில் சொன்னார். அடுப்படியில் பெண்கள் பேச்சை நிறுத்தி எங்களைப் பார்த்தார்கள்.

மாலையில் வாசலில் உட்கார்ந்தால் எதிரே வயல் பச்சையாகத் தொலைவு வரை அசையும். மலையில் பனி எப்படி எல்லாவற்றையும் கரைக்குமோ அப்படி இங்கே அந்தி வெளிச்சம் கரைக்கும். வாய்க்காலில் தண்ணீர் வரும் நாட்களில் அந்தச் சத்தம் கேட்கும். இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நான் சொல்ல நினைத்ததெல்லாம் அந்தச் சத்தத்திலேயே போய்விடும்.

முதல் தடவை டியூபை எடுத்துப் பார்த்தபோது அவரால் முடியவில்லை. மறுபடி போட்டார்கள். அன்று வழியெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். சில வாரம் கழித்து மீண்டும் எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கழிப்பறை வாசலில் நான் நின்றிருந்தேன். நெடுநேரம் அமைதி. பிறகு உள்ளே சத்தம் கேட்டது, மெல்ல, விட்டு விட்டு. நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். ஸ்கேனில் பார்த்தால் முழுதாகக் காலியாகவில்லை. தினமும் படுக்கப்போகும் முன் அவரே ஒரு மெல்லிய டியூபைப் போட்டு மிச்சத்தை எடுத்துவிட வேண்டும் என்று நர்ஸ் கற்றுக்கொடுத்தார். பகலில் அவர் டியூபும் பையும் இல்லாத மனிதர். சிறுநீரகம் தப்பித்தது. அந்தத் தினசரி டியூப் மட்டும் இனி எப்போதும் இருக்கும் போலிருக்கிறது. அது என்னால் வந்தது.

அவருடைய பேரனுக்குக் காது குத்தினார்கள். அதே உறவுக்காரர்கள். பந்தி முடிந்து ஆண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, யாரோ மச்சானைப் பார்த்து, முறைத்தண்ணி இப்போது எப்படி என்றார்கள். நான் எழுந்து நின்றேன். அந்தப் பெயரை வைத்தவன் நான், வைத்த அடுத்த வருடமே எனக்கும் அது வந்தது, கண் ஆபரேஷன் என்று உங்கள் எல்லோரிடமும் பொய் சொன்னேன், அந்தப் பொய்யால்தான் இவருக்கு இவ்வளவு ஆனது என்று சொன்னேன். என்னென்ன வழிகள் இருக்கின்றன, காலத்தோடு போனால் என்ன ஆகும், போகாவிட்டால் என்ன ஆகும் என்றும் சொன்னேன். பிறகு ஒருவர், அப்படியானால் இனிமேல் பெரிய மடை, சின்ன மடை என்று கூப்பிடலாம் என்றார். சிரித்தார்கள். நான் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் செருப்பு போடும் இடத்தில் ஒருவர் என் தோளைத் தொட்டு, அந்த ஆவி வலிக்குமா என்று காதோடு கேட்டார். பஸ் நிறுத்தத்தில் இன்னொருவர். அந்த வாரம் போனில் சிலர். இரண்டு பேர் கோயம்புத்தூர் போய்வந்தார்கள். ஒருவருக்கு வெறும் மாத்திரையே போதும் என்றார்களாம்.

மச்சான் அன்று சிரிக்கவில்லை. நான் பேசிக்கொண்டிருந்தபோது வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

பிறகு, நம்பினால் நம்புங்கள், எனக்கு உண்மையாகவே புரை வந்தது. மலையில் பனி இல்லாத நாளிலும் பனி தெரிந்தது. எதிர்வீட்டுச் சுவர், கொய்யா மரம், என் மனைவியின் முகம் எல்லாம் பால் ஊற்றியதுபோல ஆகின. பாலக்காட்டில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்தார்கள். என் மனைவி அண்ணனுக்குப் போன் செய்து, தயங்கித் தயங்கிச் சொன்னாள். சரி என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள், ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருந்தேன். மற்றக் கண்ணுக்கு உருவங்கள் மட்டும் தெரிந்தன. வாசலில் வெள்ளை வேட்டி ஒன்று வந்து நின்றது. சாக்கைக் கீழே வைக்கும் சத்தம். கட்டைப் பிரிக்க வந்திருந்த நர்ஸிடம் அவர் குரல் கேட்டது.

"ஏனுங்க சிஸ்டர், இந்தத் தடவை நெசமாலுமே கண்ணுதானுங்களா? நல்லாப் பாத்தீங்களா?"

நர்ஸுக்குப் புரியவில்லை. கண்தான், புரைதான் என்று மலையாளத்தில் சொன்னாள். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அங்கே ஒரு வெளிச்சமும் அதில் மீசை இருக்கும் இடத்தில் ஒரு நிழலும்தான் தெரிந்தது.

கட்டைப் பிரித்துவிட்டு நர்ஸ் போனாள். என் மனைவி சொட்டு மருந்தை அவர் பக்கம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"எனக்கு இப்பக் கை நடுங்குது அம்மிணி. நீயே உடு."

அவள்தான் விட்டாள். சொட்டு குளிர்ச்சியாக விழுந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறாரா என்று நான் காது கொடுத்துக் கேட்டேன். வெளியே வராந்தாவில் யாரோ நடந்துபோனதில் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வயலுக்குத் தண்ணீர் வரும் நாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். சாக்கிலிருந்த இளநீரை எண்ணிப் பார்க்காமல் எல்லாவற்றையும் மேசைக்கடியில் வைத்துவிட்டுப் போனார்.